பிரேக் தெரிந்தவர்

அந்த ஊரில் அவர் அளவுக்கு ஏறி இறங்கியவர் யாரும் கிடையாது. அவர் அளவுக்கு எங்கேயும் போகாதவரும் கிடையாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் மேற்பார்வையாளர். ஆஸ்பத்திரி, வங்கி, அடுக்குமாடிக் குடியிருப்பு, எதுவானாலும் அதன் உச்சந்தலையில் ஒரு சின்ன அறை இருக்கும். மோட்டார் சூடும், கிரீஸ் வாசனையும், எப்படியோ உள்ளே வந்துவிட்டு வெளியே போக வழி தெரியாத ஒரு புறாவும் இருக்கிற அறை. அவருடைய ஆயுளில் பெரும்பகுதி அந்த அறைகளில் கழிந்தது. இத்தனை வருஷத்து ஏற்றத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மலைத்தொடரே தேறும். மலையை மட்டும் அவர் தூரத்திலும் காலண்டரிலும்தான் பார்த்திருந்தார்.

கம்பெனியில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். “நிதானம் வந்தாச்சா?” என்று கேட்டால், “படியில வந்துக்கிட்டிருக்கார்” என்று பதில் வரும். வேலைக்காக லிஃப்டில் ஏறுவாரே தவிர, சும்மா ஏற மாட்டார். காரணம் கேட்டவர்களுக்கு முழங்காலைக் காட்டுவார். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வெளியே வருகிறவர்களுக்கு அவர் ஒரு சின்னப் பிரசங்கம் வைத்திருந்தார். “லிஃப்ட் பிரேக்குக்குப் பிடிச்சிருக்கறதுதான் பிறவிக்குணம் சார். கரண்டு வந்து கெஞ்சினாத்தான் விடும். கரண்டு போச்சுன்னா சட்டுனு கவ்விக்கும். அதனால எது தப்பாப் போனாலும் முதல் வேலையா கரண்டை நிறுத்திடுவோம். சாவிய உருவிப் பையில போட்டுக்குவோம். சாவி என் பையில இருக்கற வரைக்கும் எமனே வந்தாலும் ஸ்விட்ச் போட முடியாது.”

அவருடைய பொறுப்பில் இருந்த லிஃப்டில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை, தகவலாகச் சொல்வார். பெருமையில் அதுதான் முற்றிய வகை.

இப்படிப்பட்டவர் ஐம்பத்தைந்தாவது வயதில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுக்கு ஓட்டிவந்தால் என்ன ஆகும்?

அந்தக் கார் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில், தார்பாய் போர்த்திக்கொண்டு பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. குழிக்குள் இறங்கும்போதெல்லாம் அவர் தார்பாயின் நுனியைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். சொந்தக்காரர் வெளிநாட்டோடு போய்விட்ட பல் டாக்டர். ஒருநாள் போனில் பிடித்துக் கேட்டபோது, “அது இன்னும் இருக்கா?” என்றார் டாக்டர். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. இரண்டே இருக்கை. உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். முன்விளக்குகள் பொத்தானை அமுக்கினால் மேலே எழும்பும். ஒன்று உடனே எழும், இன்னொன்று யோசித்துவிட்டு எழும். லீவு நாட்களையெல்லாம் தின்று அதை அவர் ஓடவைத்தார்.

கம்பெனி ஸ்டோர்க்காரர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “எருமைய வித்துட்டு எமன் இப்ப இதுலதான் வர்றானா?” என்று கேட்டார்.

“பிரேக்கு எப்படின்னு கேளு முதல்ல.”

“எப்படி?”

“நிக்கறதே தெரியாது. அவ்வளவு சாஃப்ட்.”

“நின்னா தெரியணும்யா” என்றார் ஸ்டோர்க்காரர். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் கதை வேறு. அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். நாள் முழுக்கச் சட்டைக் கைகளை மடித்துவிட்டு நரம்பு தேடுகிற வேலை. ஊசி குத்தும்போது அவள் ஊசியைப் பார்ப்பதே இல்லை, முகத்தைத்தான் பார்ப்பாள். யார் மயங்கி விழப்போகிறார்கள், யார் வெறுமனே முனகுவார்கள் என்பது அவளுக்கு முகத்தில் எழுதி ஒட்டியிருப்பது போலத் தெரியும். கணவனுடைய முகத்தில் கார் ஒட்டியிருப்பதும் தெரிந்தது.

மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வேலை, வீடு, இப்போது ஒரு கைக்குழந்தை. ரயிலில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

“கார்லயே போயிடலாமா?” என்று அவர் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார். அவ்வளவு சாதாரணமாகக் கேட்பதற்கு அவர் ஒரு வாரம் பழகியிருந்தார்.

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: “வரேன். ஆனா ஒண்ணு. போயிட்டு வர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவை நான் பயந்தேன்னா, அந்த வண்டி நம்ம வீட்டுல இருக்கக்கூடாது.”

“நீ பயந்தியா இல்லையான்னு யாரு சொல்றது?”

“நான்தான். பயத்தைப் பாத்துப் பாத்தே தலை நரைச்சவ நான். என்கிட்ட நான் பொய் சொல்லமாட்டேன்.”

“சரி.”

“வண்டி மட்டும் இல்லைங்க” என்றாள் அவள், கடைசித் துண்டை மடித்துவைத்துவிட்டு. “உங்களை நம்பித்தான் வரேன். அதையும் சேத்துத்தான் சொல்றேன்.”

அவர்கள் கிளம்பிய அன்று வானம் சுத்தமாக இருந்தது. மலை தூரத்தில் நீலமாக, யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத மாதிரி நின்றது. ஏற்றத்தில் கார் வயசை மறந்து பாடியது. அவர் சிரித்தார்; அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, “கல்யாணத்துக்கு அப்புறம் இப்பத்தான் சிரிக்கறீங்க” என்றாள். உயரம் ஏற ஏற மரங்கள் குறைந்தன, பேச்சும் குறைந்தது. எதிரே வண்டிகள் வருவது எப்போது நின்றது என்று இருவருக்குமே தெரியவில்லை. ஒரு வளைவில் தடுப்புச் சுவர் இடிந்திருந்தது. இடிந்த இடத்தில் யாரோ ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி, அதில் ஒரு சிவப்புத் துணியை முடிந்திருந்தார்கள். ஒரு கயிறு எந்த வண்டியைத் தடுக்கும் என்று அவர் தொழில் முறையில் யோசித்தார்.

உச்சியில் ஒரு டீக்கடை இருந்தது, பூட்டியிருந்தது. வாசலில் ஒரு நாய் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எதிரே இறங்குகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. பிற்பகல்தான், ஆனால் விளக்குப் போடவேண்டியிருந்தது. ஒரு விளக்கு எழுந்தது, இன்னொன்று யோசித்தது.

இறக்கம் தொடங்கியது.

மலை இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கியரைக் குறைத்துப்போட்டு, இஞ்சினையே கத்தவிட்டு, வண்டியை அதன் பிடியில் இறக்கவேண்டும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தி, விட்டு, ஆறவிடவேண்டும். இது அவருக்கும் காதில் விழுந்திருந்த சங்கதிதான். ஆனால் கியரைக் குறைத்தால் இஞ்சின் அலறும். அலறினால் பக்கத்தில் இருப்பவள் பயப்படுவாள். பிரேக்கை அழுத்தினால் குலுங்கும், குலுங்கினாலும் பயப்படுவாள். லிஃப்ட் நிற்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்பது அவருடைய காலில் ஊறிய பாடம். எனவே அவர் மூன்றாவது கியரிலேயே, பிரேக்கின் மேல் காலை மெல்ல வைத்தபடி, தடவிக்கொடுத்துக்கொண்டே இறங்கினார். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. அவளைப் பயமுறுத்தாமல் இருப்பதற்கு எதையெல்லாம் செய்யவேண்டுமோ அதையெல்லாம் செய்தார். வண்டியைக் கொல்வதற்கும் அதையேதான் செய்யவேண்டும்.

“ஏதோ கருகற வாசனை வருதுங்க.”

“கீழ யாராவது குப்பை எரிப்பாங்க.”

“இங்க யாரு இருக்கா எரிக்க?”

அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே குப்பை என்றுதான் நினைத்தார். பனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. இடப்பக்கம் மலையின் மண்மேடு, வலப்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்பது தெரியாதது ஒருவகையில் நல்லதாகவே இருந்தது.

பிறகு ஒரு வளைவுக்கு முன்னால் அவர் காலை அமுக்கினார். கால் போய்க்கொண்டே இருந்தது. எதையும் சந்திக்காமல் தரை வரைக்கும் போய் அங்கே நின்றது. வண்டி நிற்கவில்லை.

மறுபடி அமுக்கினார். தண்ணீரில் மிதித்த மாதிரி இருந்தது.

அப்போது அவர் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. இயந்திர அறையில் ஏதோ ஒன்று தப்பாக ஓடும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. கை தானாக எழுந்தது. சாவியைத் திருப்பியது. இஞ்சின் அணைந்தது. கை சாவியை உருவியது. உருவிய சாவியைச் சட்டைப் பையில் போட்டது.

ஸ்டியரிங் கடக்கென்று பூட்டிக்கொண்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் அவருக்கு விளங்கியது. இது லிஃப்ட் இல்லை. இதன் பிரேக்குக்கு விட்டுவிடுவதுதான் பிறவிக்குணம். இனிமேல் இந்த வண்டி எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

வளைவுக்காக அவர் ஏற்கெனவே திருப்பியிருந்த அளவோடு சக்கரம் நின்றிருந்தது. இடப்பக்கம். வண்டி அந்த அளவோடு சத்தமில்லாமல் ரோட்டை விட்டு விலகி, ஓரத்துத் தண்ணீர்ப் பள்ளத்தில் ஒரு சக்கரத்தை இறக்கி, மண்மேட்டை உரசிக்கொண்டே போய், வேர்களையும் கற்களையும் பிய்த்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வளைவு வலப்பக்கம் திரும்புவதாக இருந்திருந்தால் அந்த வெள்ளைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

கொஞ்ச நேரம் மண் மட்டும் கூரையில் சரசரவென்று விழுந்தது.

“நிறுத்திட்டீங்களா?” என்றாள் அவள்.

“ம்” என்றார் அவர்.

அந்த ஒரு எழுத்துதான் அவர் செய்த தப்பு என்று சொல்லவேண்டும். மற்றதெல்லாம் கை செய்தது.

காய்கறி லாரி ஒன்று ஒருமணி நேரம் கழித்து வந்தது. டிரைவர் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார். “என்ன சார் ஆச்சு?” என்று கேட்டதற்கு அவள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்: “பிரேக்கு போயிடுச்சு. இவரு பதறவே இல்ல. டக்குனு சாவிய உருவி, அப்படியே ஓரமா ஒதுக்கி நிறுத்திட்டாரு.”

“சாவியவா?” என்றார் டிரைவர்.

“ஆமா.”

டிரைவர் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றை மறுபடி கட்டத் தொடங்கினார். தேவைக்கு அதிகமாகவே நிதானமாகக் கட்டி, “பிரேக்கு இப்ப ஆறியிருக்கும். மெதுவா என் பின்னாடியே இழுத்துட்டுப் போறேன், சாவிய மட்டும் அதுலயே போட்டு வைங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் வீட்டில் அவள் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல அது நன்றாகிக்கொண்டே வந்தது. சம்பந்தி வீட்டாருக்குச் சொன்னபோது பள்ளம் ஆழமானது. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னபோது பனி கூடியது. எந்தத் தடவையும் மாறாத வாக்கியம் ஒன்று இருந்தது. “நான் ரோட்டைப் பாக்கவே இல்ல, இவரு மூஞ்சியத்தான் பாத்தேன். நோயாளிங்க மூஞ்சியப் பாத்தே எத்தனை வருஷம்! அதுல ஒரு பயம் இல்ல. அப்புறம் நான் எதுக்குப் பயப்படணும்?”

ஆக, பந்தயத்தில் அவர் ஜெயித்துவிட்டார். வண்டி வீட்டில் இருக்கலாம். மாப்பிள்ளை அவருக்குக் கை கொடுத்தார். அவர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மெக்கானிக் வந்து பிரேக் ஆயில் கொதித்துப் போயிருக்கிறது, கட்டைகள் கண்ணாடி மாதிரி மினுங்குகின்றன என்று சொல்லி எல்லாவற்றையும் மாற்றினான். கியரில் இறங்கவேண்டும் என்றும் சொன்னான். அவர் தலையாட்டினார். அவருடைய கை அப்போதுதான், எல்லாம் முடிந்தபிறகு, நடுங்க ஆரம்பித்திருந்தது. டீ கிளாஸ் தட்டில் கிணுகிணுத்தது.

“வேலை முடிஞ்சப்புறம் நடுங்கறதுதான் நல்ல கை” என்றாள் மனைவி பிரியமாக. “திரும்பிப் போறப்ப நான் ஓட்டறேன். எனக்கும்தான் லைசென்ஸ் இருக்கு. வித்தையும் இப்பத் தெரியும்.”

“என்ன வித்தை?”

“அதான், ஏதாவது ஆச்சுன்னா சாவிய உருவறது.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

கிளம்புகிற அன்று காலை மகள் பால்பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கியது. அவர் சமையலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்பது மறந்துபோன மாதிரி நின்றார்.

“அப்பா, ஓடறப்ப சாவிய எடுத்தா ஸ்டியரிங் பூட்டிக்காதா?” என்றாள் மகள், திரும்பாமலே.

“பூட்டிக்கும்.”

“அப்ப எப்படி ஓரமா ஒதுக்கினீங்க?”

“ஒதுக்கல.”

அவள் குழாயை மூடினாள்.

“அம்மாகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லணும்.”

“எப்ப? அவங்க ஓட்டப்போறாங்கப்பா. இறக்கம் வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. வண்டி போனா போகட்டும்.”

“வண்டி இல்லம்மா” என்றார் அவர். “உங்கம்மா என்னை நம்பித்தான் வந்தா.”

ஏற்றத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் இருந்தார். ஏற்றத்தில் ஆபத்து இல்லை, பேச்சுக்கு வசதி. ஆனால் அவள் அவ்வளவு சந்தோஷமாக ஓட்டினாள். அந்த இடம் வந்தபோது வண்டியை மெல்ல விட்டாள். இன்று பனி இல்லை. மண்மேட்டில் நீளமாக ஒரு வடு. அதில் செங்கல் நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் இரண்டு கல், அப்புறம் ஒன்றுமில்லை. வெகு கீழே ஒரு ஆறு நூல் மாதிரிக் கிடந்தது. அதன் சத்தம்கூட மேலே வரவில்லை.

“எந்தப் பக்கம்னு யோசிச்சுத் திருப்பினீங்களே” என்றாள் அவள். குரலில் மரியாதை இருந்தது. கல்யாணமான நாளாக அவர் அந்த வகை மரியாதையைக் கேட்டதில்லை.

அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயால் கொட்டாவி விட்டார்.

உச்சி வந்தது. டீக்கடை இன்றும் பூட்டியிருந்தது. நாயைக் காணவில்லை. நிறுத்தலாமா என்று அவர் கேட்பதற்குள் வண்டி இறங்கத் தொடங்கிவிட்டது. அவள் பிரேக்கின் மேல் காலை மெல்ல வைத்தபடியே, அவர் ஓட்டியது போலவே ஓட்டினாள். கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டவள். வளைவுக்கு முன்னால் அவளுடைய ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது. விரல்கள் சாவியின் மேல் போய் உட்கார்ந்தன, ஊசி போடுவதற்கு முன்னால் நரம்பின் மேல் வைப்பது போல, மிகவும் இலேசாக.

“என்ன பண்றே?”

“சும்மா. ரெடியா இருக்கேன்.”

“கைய எடு.”

“ஏங்க?”

“எடும்மா. முதல்ல கைய எடு. ரெண்டாவது கியர் போடு. கத்தட்டும், பரவாயில்ல.”

அவள் கையை எடுத்தாள். கியரை மாற்றினாள். இஞ்சின் அலறியது, வண்டி யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரித் தயங்கி, பிறகு அந்தப் பிடியில் இறங்கியது. அவள் கண் ரோட்டில் இருந்தது. இனி அதை எடுக்க முடியாது. தன் முகத்தை அவள் பார்க்க முடியாத இந்த இடத்துக்காகத்தான் இத்தனை தூரம் காத்திருந்தோம் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. அவர் சொன்னார். லிஃப்டின் பிரேக், காரின் பிரேக், சாவி, பூட்டு, வளைவு எந்தப் பக்கம் இருந்தது என்பது, எல்லாவற்றையும் சொன்னார். அலறலுக்கு மேலே கேட்கவேண்டுமே என்று கத்திச் சொல்லவேண்டியிருந்தது. ரகசியத்தை அப்படிச் சொல்வது கஷ்டம்.

இரண்டு வளைவுகள் போயின. அவள் நன்றாகத்தான் ஓட்டினாள்.

“உங்க மூஞ்சில பயமே இல்லையே” என்றாள் கடைசியில். கோபமாக இல்லை, ரத்த மாதிரி ஒன்றை இரண்டாம் தடவை பரிசோதிக்கிறவள் கேட்பது போல.

“பயப்படணும்னு தெரியல.”

இன்னொரு வளைவு. எதிரே ஒரு பஸ் வந்தது, இடம் கொடுத்தாள். பஸ்ஸின் ஜன்னல்களில் தூங்குகிற முகங்கள் வரிசையாகக் கடந்துபோயின.

“ஒரு தடவை உங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டு ஆஸ்பத்திரி மொட்டை மாடிக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா? அந்த மோட்டார் ரூமுக்கு. ஏதோ கடகடன்னு சத்தம் வந்துச்சு. நீங்க நின்னு பாத்துட்டு, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுக் கதவை மூடினீங்க.”

“ஆமா.”

“அன்னைக்கும் இதே மூஞ்சிதான்.”

“அது வேற” என்றார் அவர்.

எப்படி வேறு என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் அடுத்த வளைவைத் திருப்பினாள். வண்டி அலறிக்கொண்டே இறங்கியது. கீழே சமவெளியில் ஊர் தெரிந்தது. உயரமான கட்டடங்கள் மட்டும் தனித்தனியாக வெயிலில் நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் கூட்டம் இருக்கும், எந்தக் கதவுக்கு முன்னால் ஆட்கள் பொத்தானை அமுக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள் என்பதும் தெரியும். ஆஸ்பத்திரியின் அந்தச் சத்தம் என்னவாக இருந்தது என்று அவர் ஞாபகப்படுத்திப் பார்த்தார்.

அன்று அது தானாக நின்றுவிட்டது என்பது மட்டும் ஞாபகம் வந்தது. ஏன் நின்றது என்பதை அவர் அப்போதும் பார்க்கவில்லை.